குச்சி ரொட்டிச் சித்தி

என் தம்பி மனைவியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தால், முதலில் விழுந்து விழுந்து சிரிப்பவன் என் தம்பியாகத்தான் இருப்பான். ஒரே வீடு, ஒரே அடுப்படி, ஒரே குழாய். இத்தனை வருஷமாக அவளோடு முட்டி மோதிக்கொண்டு இருக்கிறேன். நாத்தனார் என்றால் எப்படி இருப்பாள் என்று நீங்கள் நினைப்பீர்களோ, அதில் ஒரு குறையும் வைக்காதவள் நான். ஆனாலும் கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொல்லாமல் விழுங்கினால் செரிக்கவும் செரிக்காது.

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது ஒரே ஆஸ்பத்திரியில். சலவைப் பிரிவுக்கு நான் மேற்பார்வை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் அங்கி, எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் வார்டுக்குப் போகும். அவள் தீக்காயப் பிரிவின் பயிற்சி அறையில் உதவியாளர். நெருப்பில் சுட்டுக்கொண்ட குழந்தைகளுக்குப் புண் ஆறியதோடு பாடு தீர்ந்துவிடாது. புதுத் தோல் சதையை இழுத்துப் பிடிக்கும். தினமும் நீட்டி மடக்கிப் பழக்காவிட்டால் விரல்கள் உள்பக்கம் சுருண்டு அப்படியே நின்றுவிடும். குழந்தை அழ அழ அந்தக் கையை நீட்ட வைப்பதுதான் அவள் வேலை. செய்கிற வேலைக்குக் குழந்தைகள் அவளைக் கண்டால் ஓடி ஒளிய வேண்டும். ஆனால் அந்த வார்டில் அவளுக்கு ரொட்டிச் சித்தி என்று பெயர். அந்தப் பெயரைச் சொன்னால்தான் காவலாளிகூட வழிகாட்டுவார்.

கல்யாணமாகி அவள் எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் அவளுடைய மணிக்கட்டைப் பார்த்து நான் மிரண்டுபோனேன். அதற்கு முன் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்தவள். மூட்டை மூட்டையாக மைதாவைக் கொட்டிப் புரட்டிய கை. தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, "டேய், இவகிட்ட வாயக் குடுத்துடாத. ஒரு அறை விட்டாள்னா பல்லு மொத்தமும் போயிடும்" என்று எச்சரித்தேன்.

அவள் யாரையும் அடிக்கவில்லை. குரலைக்கூட உயர்த்தியதில்லை. எனக்கு எரிச்சலே அதில்தான். நான் மூச்சு விடாமல் பேசி முடித்த பிறகு "சரி அண்ணி" என்பாள். புருஷனுக்கு அக்கா என்பதால் என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். அந்தச் "சரி அண்ணி"க்கு என்ன அர்த்தம் என்று பிடிபட எனக்குக் கொஞ்ச காலம் ஆனது. நீங்கள் பேசியது காதில் விழுந்தது, நான் நினைத்ததைத்தான் செய்யப்போகிறேன் என்று அர்த்தம். மகன் பிறந்த பிறகு பேக்கரியின் விடியற்காலை வேலை ஒத்துவரவில்லை. ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று நான்தான் வந்து சொன்னேன்.

பயிற்சி அறையில் குழந்தைகள் பிசைவதற்கு ரப்பர் மாதிரி ஒரு களிமண் கொடுப்பார்கள். பிசைந்தால் கை விரியும். ஆனால் வலிக்கும். மாங்கு மாங்கென்று பிசைந்த பிறகு கடைசியில் கையில் மிஞ்சுவது அதே பச்சை உருண்டை. குழந்தைகள் அதைச் சுவரில் விட்டெறிவார்கள். நானாக இருந்தாலும் எறிந்திருப்பேன்.

ஒரு நாள் காலையில் பார்த்தால் என் மைதா டப்பா காலி. வெதுவெதுப்பான பாலில் ஈஸ்டைக் கரைத்து, சர்க்கரை, வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு எல்லாம் போட்டு மாவாக்கி, ஈரத்துணி சுற்றித் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்று பயிற்சி அறைக்குத் துண்டு கொடுக்கப் போனபோது பார்த்தேன். ஆளுக்கு ஒரு உருண்டையை வைத்துக்கொண்டு பிள்ளைகள் பிசைந்துகொண்டிருந்தார்கள். நடுநடுவே ஒவ்வொருவரும் தன் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். காதெல்லாம் மாவு.

"என்னடி கூத்து இது?"

"மாவு காது மடல் மாதிரி மெத்துன்னு ஆகணும் அண்ணி. அதுவரைக்கும் விடக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்."

கொஞ்ச நேரத்துக்கு மேல் களிமண்ணைத் தொடாத பிள்ளைகள் அன்று மதியம் வரைக்கும் விடவில்லை. ஆஸ்பத்திரிச் சமையலறை அடுப்பில் அவற்றைச் சுட்டுக் கொடுத்தாள். அவரவர் பிசைந்தது அவரவருக்கு. டாக்டரம்மா வந்து ஒரு துண்டு தின்று பார்த்துவிட்டு, இனிமேல் மாவு சமையலறையிலிருந்தே வரட்டும் என்று சொல்லிவிட்டார். என் டப்பா பிழைத்தது.

அதோடு நின்றிருந்தால் எனக்கு ஒரு வம்பும் இல்லை. குணமாகி வீட்டுக்குப் போன பிள்ளைகள் மறுபடி பரிசோதனைக்கு வரும்போது பெற்றவர்கள் ஒரே குறையைச் சொன்னார்கள். அடுப்பைப் பற்றவைத்தால் குழந்தை வீட்டை விட்டு ஓடுகிறது. குழந்தை பள்ளிக்கூடம் போன பிறகுதான் சமைக்கிறோம். இவள் அதைக் கேட்டுக் கேட்டு மனதில் போட்டு ஊற வைத்திருக்கிறாள். வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று ஆரம்பித்தாள்.

"அண்ணி, இந்தப் பசங்களுக்கும் நெருப்புக்கும் மறுபடி பேச்சுவார்த்தை வரணும்."

"சண்ட போட்டுக்கிட்ட சம்பந்திங்களச் சேத்து வைக்கிற மாதிரி பேசற."

"அதேதான் அண்ணி. சாப்பாட்டுல உக்கார வெச்சாத்தான் சேருவாங்க."

வெட்டவெளியில் தணல் போட்டு, குச்சியில் மாவைச் சுற்றி, பிள்ளைகளே தங்கள் கையால் சுட்டுத் தின்ன வேண்டும். இதுதான் அவள் திட்டம். தீக்காய ஆஸ்பத்திரியில் நெருப்பு.  டாக்டரம்மா விரட்டிவிடுவார் என்று நம்பினேன். அவரோ, "தண்ணி வாளி எங்க வைப்பீங்க? குச்சி எவ்வளவு நீளம்? நானும் இதைப் பத்தி யோசிச்சிட்டேதான் இருந்தேன். ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவங்க கட்டாயம் பக்கத்துல இருக்கணும். செஞ்சு பாருங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் வெட்டவெளி என்று இருப்பது ஒன்றே ஒன்று. என் துணி காயும் முற்றம்.

நான் ஆடிய ஆட்டத்தைச் சலவைப் பிரிவில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "சரி அண்ணி" என்றாள். மறுநாள் முற்றத்தின் கோடியில் கல் அடுக்கிக் குழி வெட்டியிருந்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, ஏற்பாடு கச்சிதம். தோட்டக்காரரைக் கேட்டுக் கசப்போ பாலோ இல்லாத மரத்தில் கட்டைவிரல் பருமனுக்குக் குச்சிகள் வெட்டி, பட்டையை உரித்து வைத்திருந்தாள். பிள்ளைகள் வருவதற்கு ரொம்ப முன்பே விறகு எரிந்து, கொழுந்தெல்லாம் அடங்கிவிட வேண்டும். தீக்குச்சி உரசுவதையோ சுவாலை எழும்புவதையோ ஒரு குழந்தையும் பார்க்கக் கூடாது. சிவந்த தணல் மட்டும்தான் அவர்கள் கண்ணில் பட வேண்டும். வெறும் குச்சியை முதலில் தணல் மேல் காட்டிச் சூடாக்க வேண்டும். அப்போதுதான் மாவு பிடிக்கும், உள்ளேயும் வேகும். மாவை விரல் பருமனுக்குக் கயிறாக உருட்டி, குச்சியின் நுனியை மூடி, அங்கிருந்து சுற்றிக்கொண்டே வர வேண்டும். சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் இடைவெளி. ஒன்றன் மேல் ஒன்று ஏறினால் நடுவில் பச்சையாகவே நிற்கும். அப்புறம் தணலுக்கு மேலே பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

"எப்ப வெந்துச்சுன்னு எப்படித் தெரியும் சித்தி?" என்று ஒரு வாண்டு கேட்டது.

"லேசாத் திருகிப் பாரு. வெந்த ரொட்டி தானாக் குச்சிய விட்டுடும். விடலைன்னா இழுக்காத. அதுக்கு இன்னும் நேரம் வேணும்."

கழற்றினால் ஒரு பக்கம் மூடிய குழல் மாதிரி வரும். அந்தக் குழலுக்குள் ஜாமை ஊற்றி, மேலே சர்க்கரையும் இலவங்கப்பட்டைத் தூளும் தூவிக் கொடுப்பாள். ஒரு முனையிலிருந்து கடித்துக்கொண்டே போனால் ஜாம் வாய்க்குள் வந்து இறங்கும். எனக்கும் ஒரு குச்சி கொடுத்தாள். திருப்பிக்கொண்டு நிற்க எனக்கேது பொறுமை? கனத்த கட்டை ஒன்று செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்த ஓரமாகப் பார்த்து நேராக உள்ளே நீட்டினேன். வெளியே கரி, உள்ளே பசை. பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அந்த வார்டில் அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அன்று வராத குழந்தை ஒன்று இருந்தது. முன்பல் இரண்டும் பெரிதாக இருப்பதால் எல்லோரும் முயல் என்று கூப்பிடுவார்கள். எட்டு வயசு இருக்கும். சட்டைக் கை அடுப்பில் பற்றி, வலது கை முழங்கை வரை வெந்துபோய் வந்தவள். புண் ஆறிவிட்டது. ஆனால் விரல்கள் நாலும் உள்ளங்கைக்குள் சுருள ஆரம்பித்திருந்தன. கையைத் தொட்டாலே கட்டடம் அதிரக் கத்துவாள். மாவு உருண்டையைக்கூட இடது கையால்தான் தட்டிக்கொண்டிருப்பாள். டாக்டரம்மா அவளுடைய அம்மாவிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அடுத்த பரிசோதனைக்குள் கை விரியாவிட்டால் மறுபடி அறுத்துத் தோல் வைக்க வேண்டும். வைத்தாலும் எவ்வளவு தூரம் சரியாகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. எழுதுகிற கை, சாப்பிடுகிற கை. அதுதான் போய்க்கொண்டிருந்தது.

அந்த அம்மா தையல் கடையில் வேலை பார்ப்பவர். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு ஏதோ எடுக்கத் திரும்பிய நேரத்தில் நடந்தது. அன்றிலிருந்து மகளுக்கு எல்லாமே தன் கையால்தான். ஊட்டுவார், பல் தேய்த்துவிடுவார், பொத்தான் போட்டுவிடுவார், மூக்கு நமைத்தால்கூட அவர்தான் சொறிந்துவிடுவார். அந்த வார்டில் பெற்றவர்கள் செய்கிற தவறு இது ஒன்றுதான். குழந்தையின் கைக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்க மாட்டார்கள்.

முதல் தணல் அடங்கிய அன்று சாயங்காலம்தான் எங்கள் தலையில் இடி விழுந்தது. முற்றத்தில் காய்ந்த விரிப்புகளை எடுத்து நாங்கள் வழக்கம்போல வார்டுக்கு அனுப்பினோம். படுக்கைகளை மாற்றிக் குழந்தைகளைப் படுக்க வைத்ததும் ஒரு மூலையில் அழுகை ஆரம்பித்து, வார்டு முழுக்கப் பரவிவிட்டது. விரிப்பெல்லாம் புகை வாசனை. முற்றத்துக்கு வந்து சிரித்துத் தின்ற பிள்ளைகளே தலையணையில் முகம் வைத்ததும் அலறினார்கள். விறகுப் புகை துணியில் ஏறும் என்பது சலவைக்காரி எனக்குத் தோன்றவில்லை. அந்த வாசனை இந்தப் பிள்ளைகளை என்ன செய்யும் என்பது அவளுக்கும் தோன்றவில்லை.

வார்டு நர்சுகளுக்கெல்லாம் மேலான பெரிய சிஸ்டர் எங்கள் இருவரையும் நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். "உங்க ரெண்டு பேருக்கும் மூளைன்னு ஒண்ணு இருக்கா? இனிமே அந்தக் குழியில ஒரு பொறி பாத்தேன்னா தெரியும்." நான் பதிலுக்கு ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். தம்பி மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில் நான் வாயை மூடிக்கொண்டேன், வேறு வழியில்லை.

வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார்கள். அவள் என்னோடு சேர்ந்து விரிப்பு அத்தனையையும் மாற்றினாள். அப்புறம் ஒவ்வொரு கட்டிலாகப் போய், பெரியவர்களிடம் கேட்பதுபோலக் குழந்தைகளிடம் மன்னிப்புக் கேட்டாள். "சித்தி தப்புப் பண்ணிட்டேன். புகை உன் படுக்கைக்கு வரும்னு யோசிக்கல. இனிமே வராது." கடைசியில் முயலின் கட்டில். அவள் அழுது முகம் வீங்கிப் படுத்திருந்தாள். இவள் கேட்ட மன்னிப்பைக் காதில் வாங்கிக்கொண்டாள். 

பிறகு, "புகைக்குள்ள இனிப்பா ஒரு வாசனை வந்துச்சு. அது என்ன?" என்று கேட்டாள்.

"சர்க்கரையும் வெண்ணெயும் தணல்ல உருகற வாசனை."

"அது மட்டும் எனக்கு வேணும். புகை வேண்டாம்."

இவள் சிரிக்கவில்லை. ஒரு வாடிக்கையாளரின் உத்தரவைக் கேட்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். மறுநாளே பெரிய சிஸ்டர் முன்னால் போய் நின்றாள். விறகு வேண்டாம், நன்றாகக் கனிந்த கரி. துணி காயாத நாள். வார்டு ஜன்னல் பக்கம் காற்று அடித்தால் அன்றைக்குக் கிடையாது. துணி காயாத நாள் என்று ஒன்று என் பிரிவில் கிடையவே கிடையாது. அவள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கழுதை, நான் ஒத்துக்கொள்வேன் என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. சனிக்கிழமைத் துவைப்பை வெள்ளிக்கு மாற்றினேன். என் ஆட்கள் என்னைத் திட்டினார்கள். பெரிய சிஸ்டர் டாக்டரம்மாவோடு பேசிவிட்டு, "ஒரு தடவ பாக்கறேன். வாசனை உள்ள வந்துச்சு, நானே தண்ணிய ஊத்தி அணைப்பேன்" என்றார். சொன்னதோடு நிற்காமல் அந்தச் சனிக்கிழமை வாளி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கரியைப் பற்றவைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அது சாம்பல் பூத்து உள்ளே சிவந்த பிறகு பிள்ளைகள் வந்தார்கள். முயலும் வந்தாள். எல்லோருக்கும் பின்னால், அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு. அவளுக்கென்று எல்லாவற்றையும்விட நீளமான குச்சியை ரொட்டிச் சித்தி எடுத்து வைத்திருந்தாள். முயல் தூரத்தில் உட்கார்ந்து மாவை இடது கையால் சுற்றினாள். ஒரு கையால் சுற்றினால் என்ன பிடிமானம் இருக்கும்? தணல் மேல் நீட்டியதும் மாவு வழுக்கிச் சாம்பலில் விழுந்தது. இன்னொரு உருண்டை கொடுத்தாள் இவள். அதுவும் விழுந்தது. மூன்றாவதும் விழுந்ததும் குழந்தை உதட்டைப் பிதுக்கினாள். அவளுடைய அம்மா எழுந்து வந்து குச்சியை வாங்கிக்கொண்டார்.

ரொட்டிச் சித்தி போய் அந்த அம்மாவின் கையிலிருந்து குச்சியை எடுத்து மறுபடி குழந்தையிடம் கொடுத்தாள்.

"என்னங்க பண்றீங்க? பச்சக் குழந்தை. நான் சுத்திக் குடுத்தா உங்களுக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

"ஒண்ணும் குறையலம்மா. ஆனா உங்க கை முன்னாடி இருக்கற வரைக்கும் அவ கை வெளிய வராது."

 அந்த அம்மா வெடித்தார். "அடுப்பப் பத்த வெச்சது நான். திரும்பினது நான். ஊட்டி விடறதாவது எனக்கு இருக்கட்டும். அதையும் புடுங்கிட்டீங்கன்னா எனக்கு என்னங்க இருக்கு?"

பெரிய சிஸ்டர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.  ரொட்டிச் சித்தி ஒரு உருண்டை மாவையும் ஒரு குச்சியையும் எடுத்து அந்த அம்மாவின் கையில் வைத்தாள். "நீங்க ஒண்ணு சுடுங்க. உங்களுக்கு." அந்த அம்மா வாங்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மற்ற பிள்ளைகள் சுட்ட ரொட்டியில் ஒரு துண்டுகூட முயலுக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "ஒரு துண்டு குடுத்திருந்தா உன் சொத்தா அழிஞ்சிடும்? கல்லுடி உன் மனசு." அவள் "சரி அண்ணி" என்றுகூடச் சொல்லவில்லை. சாப்பாடு வேண்டாம் என்று அடுப்படிக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். வலது கை விரல்களை மடக்கி, மேலே துணியை இறுக்கிச் சுற்றிக் கட்டியிருந்தாள். அந்தக் கட்டுக் கையாலேயே மாவை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. உருட்டுவதை நிறுத்தவில்லை.

"என்னடி பண்ற?"

"எங்க இடறுதுன்னு பாக்கறேன் அண்ணி. சுத்தும்போது இல்ல, அதுக்கு முன்னாடியே. மடங்கின கையால உருட்டினா கயிறு ஒரு பக்கம் தடிச்சு ஒரு பக்கம் அறுந்துபோகுது. அத எப்படிச் சுத்தினாலும் விழும். உள்ளங்கை பரவினாத்தான் கயிறு நேரா வரும். அவளுக்கு உருட்டக் கத்துக்குடுக்கணும். நான் நேரா சுத்தறதுக்குப் போயிட்டேன்."

நான் உள்ளே போய் இன்னொரு பலகையை எடுத்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையையும் கட்டிவிடச் சொன்னேன். உருட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. இப்படி ஒருத்தி நம் வீட்டில் இருக்கிறாளே என்று அன்றைக்கு முதல் தடவையாக எனக்குப் பெருமையாக இருந்தது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கு ஏறிவிடும் என்று அப்போது எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை முயல் தானாகவே பயிற்சி அறைக்கு வந்தாள். அம்மா வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. "எனக்கு மட்டும் ஏன் விழுது?" என்றுதான் குழந்தை கேட்டாளாம். பலகையில் மாவை வைத்து, அவள் வலது கையை அதன் மேல் வைத்து, அந்தக் கையின் மேல் தன் கனத்த கையை இவள் பூப்போல வைத்து, முன்னும் பின்னும் உருட்டினாள். குழந்தை கத்தினாள். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "அறுந்துடுச்சு. இன்னொரு தடவ" என்று அவளே சொன்னாள். நான் துண்டு அடுக்கும் சாக்கில் தினமும் போய் எட்டிப் பார்த்தேன். முதலில் பாம்பு ஆட்டை விழுங்கிய மாதிரி நடுவில் புடைத்துக்கொண்டு ஒரு கயிறு. அப்புறம் கொஞ்சம் மெலிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, முன்பல் இரண்டும் உதட்டில் பதிய, அந்தக் குழந்தை உருட்டிக்கொண்டே இருந்தாள். இவள் தன் கையின் கனத்தை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தாள். ஒரு நாள் பார்த்தால் இவள் கை அங்கே இல்லை. குழந்தை அதைக் கவனிக்கவே இல்லை. அம்மா மட்டும் வாசலில் நின்று கவனித்துக்கொண்டிருந்தார்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் முயலின் மாவு விழத்தான் செய்தது. ஒரு தடவை பாதி வெந்து விழுந்தது. இன்னொரு தடவை மழை வந்து கெடுத்தது. பரிசோதனை நெருங்கிவிட்டது. அதற்கு முந்தின சனிக்கிழமை டாக்டரம்மாவே முற்றத்துக்கு வந்தார். "அறைக்குள்ள கையக் காட்டச் சொன்னா இவ மூடிக்குவா. இங்கயே பாத்துடறேன்" என்று சலவை அறைப் படியில் உட்கார்ந்தார். முயலிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான்கூட வாயைத் திறக்கவில்லை என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

முயல் மாவை உருட்டினாள். சீரான கயிறு. குச்சியைத் தணல் மேல் காட்டிச் சூடாக்கி, முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் திருப்பிக்கொண்டே வலது கையால் மாவைச் சுற்றினாள். கட்டைவிரலும் பக்கத்து விரல்களும் மாவைப் பிடித்துப் பிடித்து விட்டன. சுண்டு விரல் மட்டும் மடங்கியே கிடந்தது. நுனியை மூடினாள். கடைசிச் சுற்றை அழுத்தி ஒட்டினாள். எழுந்து தணலுக்குப் பக்கத்தில், மற்ற பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலேயே போய் உட்கார்ந்தாள். அந்த அம்மா என் பக்கத்துப் பெஞ்சில் இருந்தார். 

மாவு விழவில்லை. மெல்ல உப்பியது, வெளுப்பு மாறியது, பொன்னிறமாகச் சிவந்தது. குழந்தை திருகிப் பார்த்தாள்.

"விடல சித்தி."

"அப்போ?"

"இன்னும் நேரம் வேணும்" என்று சொல்லிவிட்டு அவளே மறுபடி திருப்ப ஆரம்பித்தாள். பிறகு ஒரு தடவை துணியால் பிடித்துத் திருகியபோது ரொட்டி தானாகக் கழன்று துணிக்குள் வந்தது. முற்றத்தில் ஒருவரும் கை தட்டவில்லை. தட்டினால் கலைந்துவிடும் என்று எல்லோரும் பயந்தோம் போலிருக்கிறது.

டாக்டரம்மா எழுந்து போய், மாவு ஒட்டிய அந்தக் கையை வாங்கி விரல் விரலாகத் தூக்கிப் பார்த்தார். முயல் கத்தவில்லை, ரொட்டி ஆறிவிடுமே என்ற கவலையில் இருந்தாள்.

"சுண்டு விரல் இன்னும் மடங்கித்தான் இருக்கு" என்றார் டாக்டரம்மா, அந்த அம்மாவைப் பார்த்து. "அதுக்காக நான் கத்தி எடுக்க மாட்டேன். ஆபரேஷன் வேண்டாம். இந்தப் பயிற்சிய மட்டும் விட்டுடாதீங்க."

அந்த அம்மா தலையை ஆட்டினார்.  ரொட்டிச் சித்தி ஒன்றுமே நடக்காததுபோல ஜாம் பாட்டிலைத் திறந்து முயலின் ரொட்டிக்குள் ஊற்றினாள். இந்தத் தடவை நான் சொல்லிவிட்டேன். "நீ பெரிய ஆளுடி" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "உடம்பு சரியில்லையா அண்ணி?" என்றாள்.

முயல் ரொட்டியை வலது கையில் பிடித்துக்கொண்டு வந்து அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து கடித்தாள். அவசரக் கடி. ஜாம் மோவாயில் வழிந்து, விரலில் வழிந்து, தழும்பின் மேலேயே இறங்கி முழங்கை வரை ஓடியது. சர்க்கரை மூக்கில் ஒட்டியது. பெஞ்சு லேசாக அசைந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் தள்ளி, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, ஜாம் ஒழுகுது."

"பாத்தேன் கண்ணு," என்றார் அவர், கையை எடுக்காமல். "நீயே நக்கிக்கோ."